பெருங்களத்தூருக்குத் திரும்பிய ஹெரால்டு

அப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, அது பிறந்த இடத்திலேயே நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. மயிலாப்பூரிலிருந்து பெருங்களத்தூர் சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால் வேலையில் இறங்கிய நாளிலிருந்து படம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது. பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இதே ஆசை உண்டு என்று தெரியும். அவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் வண்டி 1970ஆம் வருடத்தது. மார்க் 3, நாலு கதவு. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்கப் போனால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும்: வங்காளத்து உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த பியட், நம்ம பெருங்களத்தூரில், ஜி.எஸ்.டி. ரோட்டில் செய்த ஹெரால்டு. சென்னைக்குக் கார் தொழில் 90களில்தான் வந்தது என்று நினைக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். வேன்கார்டு, எய்ட், டென், பென்னன்ட் என்று வரிசையாக வந்து, 1961இலிருந்து இங்கே ஹெரால்டு. பிறகு கேஸல். கடைசியாக 1985இல், ரோவர் உடம்பில் பழைய வேன்கார்டு வம்சத்து இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000. 1988இல் உற்பத்தி நின்றது.

முதல் வேலை இடத்தைக் கண்டுபிடிப்பது. வண்டலூர் ஆலை என்பார்கள், பெருங்களத்தூர் ஆலை என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். இன்று அந்த நிலத்தில் ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. எந்தப் பக்கம் வாசல், எந்தப் பக்கம் அசெம்பிளி என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு வழி திறந்தது எங்கள் மெக்கானிக் மூலமாக. அவருடைய தெருவில் ஒரு பெரியவர், அந்த ஆலையின் அசெம்பிளியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். வயது எண்பதை நெருங்குகிறது. வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்லி விஷயத்தைச் சொன்னதும், வண்டியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பின்னாடி ஆக்ஸில் மாத்தாம இருக்கியா தம்பி?"

அதற்குக் காரணம் உண்டு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். ஜாக்கி வைத்துத் தூக்கினால் இரண்டு சக்கரமும் உள்பக்கமாக மடங்கும். ஆள் ஏற்றினால் கால் அகட்டி நிற்கும். நம் ஊர் ரோட்டுக்கும் பாரத்துக்கும் அது ஒத்துவரவில்லை என்று பலரும் குறைபட்டதால், கேஸலில் சாதாரண ஆக்ஸிலுக்கு மாறினார்கள். எங்கள் வண்டியில் பழையதே இருக்கிறது என்றதும் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்தது வண்டி. வாரம் ஒருமுறை கடற்கரைச் சாலை வரை ஓட்டுவது வேறு, ஜி.எஸ்.டி. ரோட்டில் போய் வருவது வேறு. நான் அதைச் சரியாக எடைபோடவில்லை. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவரை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குக் கிளம்பினேன். குரோம்பேட்டை தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் ஏறிவிட்டது. இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பில் ஆவி கட்டி வண்டி நின்றது. ஈரத் துணி சுற்றி, அரை மணி நேரம் நிழலில் காத்திருந்து, வீட்டுக்கே திரும்பினோம். வெயிலில் அவரை அப்படி உட்கார வைத்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அதன்பின் ரேடியேட்டரைக் கழற்றிக் கொடுத்து அடைப்பு எடுத்தேன். ஹோஸ் பைப், ஃபேன் பெல்ட், பாயிண்ட் எல்லாம் புதிது. சிலது ஜி.பி. ரோட்டில் கிடைத்தது, கிடைக்காததற்குப் புதுப்பேட்டையில் மூன்று சனிக்கிழமை அலைந்தேன். டிங்கரிங், பெயிண்டிங் பக்கம் போகவே இல்லை. படத்துக்காக வண்டியைப் பளபளவென்று ஆக்க வேண்டாம் என்பது என் எண்ணம். இடது கதவில் இருக்கும் கீறல் என் அக்கா சைக்கிள் பழகியபோது விழுந்தது, அது இருக்கட்டும்.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் வண்டியை வெளியே எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. நான் ஓட்டுகிறவன். அதனால் எஃப்.சி. காட்டி, பழைய நம்பரிலேயே வைத்திருக்கிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்கட்டும். அனுமதி கேட்கும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

அனுமதி வாங்கவே மூன்று மாதம் போனது. வளாக நிர்வாகத்துக்கு நான் எழுதிய முதல் கடிதம் ஒன்றரைப் பக்கம். ஹெரால்டின் வரலாறு, அப்பாவின் நினைவு எல்லாம் எழுதியிருந்தேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்தில் எட்டே வரி: ஒரு வண்டி, இரண்டு ஆள், ஞாயிறு காலை 6 முதல் 7 வரை, டிரோன் கிடையாது, வேறு யார் முகமும் வராது, வியாபாரத்துக்கு இல்லை. கூடவே வண்டியின் படம், ஆர்.சி. நகல். பத்து நாளில் போன் வந்தது. உள்ளே வண்டி கொண்டுவர முடியாது, வாசலை ஒட்டிய பாதையில் இருபது நிமிடம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரியவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "வாசல் போதும் தம்பி. வண்டி வெளிய போனதே வாசல் வழியாத்தானே" என்றார்.

டிசம்பர் கடைசி ஞாயிறு. விடியற்காலை ஐந்துக்குச் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தேன், இரண்டாவது முறையில் பிடித்துக்கொண்டது. ரோட்டில் கூட்டம் இல்லை. தாம்பரம் தாண்டி, ஆறு மணிக்கு இடத்தில் இருந்தோம்.

பெரியவர் இறங்கி, கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். ரோட்டிலிருந்து காலடி எண்ணிப் பார்த்தார். "இங்க டைம் ஆபீஸ். அந்தக் கண்ணாடிக் கட்டடம் இருக்கே, அதுக்கு நேரா பெயிண்ட் ஷாப்பு" என்று கையை நீட்டிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன இடத்தில், கட்டடத்தைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தினேன்.

பிறகு அவரே பானெட்டைத் திறந்தார். ஹெரால்டைத் தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கமும் உள்ள கொக்கியை எடுத்துவிட்டுத் தூக்கினால், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாயும். 948 சி.சி. இன்ஜின் முழுசாக வெளியே தெரியும். பெரியவர் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார், திண்ணையில் உட்காருவது போல. இன்ஜினில் வேலை செய்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்களாம். உட்கார்ந்தபடியே பாடி சேரும் கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இந்த கேப்பு ஒரே அளவா வரணும். வரலன்னா போல்ட்ட லூஸ் பண்ணி, தட்டி, மறுபடி முடுக்குவோம்" என்றார்.

அந்தக் கோடுகளுக்குப் பின்னால், ஹெரால்டு முதலில் உருவான இங்கிலாந்து நகரமான கோவென்ட்ரியின் கதை இருக்கிறது. 1950களில், அங்கிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்துகொடுத்த ஆலையைப் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்துதர ஆள் இல்லை. அதனால் ஹெரால்டுக்கு அடிச்சட்டமாகத் தனி சேஸிஸ், அதன்மேல் பல இடங்களில் செய்த துண்டுகளை போல்ட் போட்டுச் சேர்த்த பாடி. இத்தாலிக்காரர் மிகெலோட்டி வரைந்த அந்த உருவம் 1959இல் வெளிவந்தது. துண்டு துண்டாக இருந்ததால் கடல் தாண்டி அனுப்பிச் சேர்ப்பதும் எளிதானது. கோவென்ட்ரியின் கான்லி ஆலையிலும் கார் உற்பத்தி 1980இல் நின்றுவிட்டது. ஆனால் அந்த நிலத்தில் இன்று ஹெரால்டு அவென்யூ, டாலமைட் அவென்யூ என்று கார்களின் பேரிலேயே தெருக்கள் இருக்கின்றன. நம் பெருங்களத்தூரிலும் ஒரு தெருவுக்காவது ஹெரால்டு என்று பேர் வைத்தால் என்ன என்று எனக்கு ஆதங்கம்தான்.

படம் எடுத்ததில் நான் கற்றது கொஞ்சம். ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் பின்னால் உள்ள கட்டடம் வண்டியைச் சின்னதாக்கிவிடும். சூரியன் கட்டடத்துக்கு மேலே வருமுன் முடித்துவிட வேண்டும், வந்தபின் கண்ணாடிச் சுவரின் கூசல் தாங்காது. அந்தக் கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டுப் பழைய ஆலை மாதிரி எதையாவது வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த மண்ணில் இன்று நிற்பது அதுதான், படத்திலும் அதுவே நிற்கட்டும். வண்டியின் முழுப் படம் தவிர இன்னொன்றும் அவசியம் எடுங்கள்: 'மெட்ராஸ்' என்று ஊர்ப்பேர் பதித்த தகடு. அதன் பக்கத்தில் பெரியவரின் கை இருக்கும்படி எடுத்தேன்.

இருபது நிமிடம் முடிந்ததும் காவலர் வந்து, "சார், டைம் ஆச்சு" என்றார், மரியாதையாகத்தான். பெரியவர் பானெட்டை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, சத்தமில்லாமல் இறக்கி மூடினார். பாதை குறுகல். ஆனால் ஹெரால்டு 25 அடி வட்டத்தில் திரும்பும் வண்டி. ரிவர்ஸ் போடாமல் ஒரே வீச்சில் திரும்பியது. காவலர் அதைப் பார்த்துவிட்டு, "இது எங்க சார் செஞ்ச வண்டி?" என்று கேட்டார். பெரியவர் கண்ணாடியை இறக்கி, தரையைக் காட்டினார்.

அவருக்கு போனில் படம் வேண்டாம், பிரிண்டு வேண்டும் என்றார். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் போட்டுக் கொடுத்தேன். கேஸல் வைத்திருக்கும் ஒரு நண்பர் அடுத்து வருகிறேன் என்கிறார். அதே எட்டு வரிக் கடிதத்தை, வண்டி விவரத்தை மட்டும் மாற்றி, நேற்று அனுப்பினோம். கூட வரும் இரண்டாவது ஆள் இந்தத் தடவையும் பெரியவர்தான்.