ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

பெரியம்மா வீட்டு அண்ணன் போன மாதம் வக்கீலைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கையில் ஒரு துணிப்பை நிறைய வாட்ஸ்அப் பிரிண்ட் அவுட். அண்ணி வேறு ஒருவரோடு பேசியது, ராத்திரி எத்தனை மணிக்குப் பேசியது, எல்லாம் தேதி வாரியாக அடுக்கி, பச்சை மார்க்கர் வேறு போட்டிருந்தார். "இதைக் காட்டினால் பத்து பைசா தர வேண்டாம்தானே மேடம்?"

அந்தம்மா நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இது இப்பவும் நடக்குதா?" என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை.

விஷயமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்து கேட்க, கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு ஒரே ஒரு தடவை உறவு வைத்ததை நிரூபித்தாலே போதும், 1976 திருத்தத்துக்குப் பிறகு அப்படித்தான். ஆனால் ஜீவனாம்சத்தை நிறுத்த அது போதாது. நம் ஊரில் எல்லோரும் "125 கேஸ்" என்று சொல்லும், மனைவி ஜீவனாம்சம் கேட்பதற்கான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவு (2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டத்தில் அது பிரிவு 144, ஆனாலும் கோர்ட் வராண்டாவில் இன்னும் 125தான்) மனைவி தகாத உறவில் 'வாழ்ந்துகொண்டிருந்தால்' பணம் கிடையாது என்கிறது. எப்போதோ ஒரு முறை தவறியதை அந்த வார்த்தைக்குள் அடக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நிரூபிக்க வேண்டியதும் கணவன்தான். வெறும் சாட்டிங்கை வைத்துக்கொண்டு உறவு என்று சொல்வதே கஷ்டம், இதில் 'வாழ்ந்துகொண்டிருக்கிறாள்' என்று எங்கே போய்ச் சொல்வது?

2018இல் தகாத உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததே, அதனால் இதெல்லாம் இனி செல்லாது என்று நினைப்பவர்களும் உண்டு. போனது ஜெயில் தண்டனை மட்டும். விவாகரத்துக்கான காரணமாக அது அப்படியே இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. கணவன் இன்னொரு பெண்ணோடு இருந்தால் 125இல் மனைவிக்கு என்ன கிடைக்கும்? அவனோடு சேர்ந்து வாழ மறுத்துத் தனியாக இருந்துகொண்டே ஜீவனாம்சம் கேட்கலாம், அவ்வளவுதான். அவன் துரோகத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகமாகத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. அவள் தகாத உறவில் வாழ்ந்தால் சோறே போகும். இந்து திருமணச் சட்டத்தின் 25ஆவது பிரிவு கொஞ்சம் பரவாயில்லை, அங்கே நிரந்தர ஜீவனாம்சம் வாங்குவது கணவனாக இருந்தாலும் அவன் ஒழுக்கத்தையும் பார்த்துத் தொகையை மாற்றலாம், நிறுத்தலாம். அதில்கூட கோர்ட் 'மாற்றலாம்' என்றுதான் இருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும் என்று இல்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் டீக்கடையில் சொன்னேன். "அப்போ நான் ஏமாந்தவன், நானே பணமும் கட்டணுமா?" என்றார். அவர் கோபம் புரிகிறது. ஆனால் அவர்கள் குழந்தை பாப்பாவுக்குக் கொடுக்க வேண்டியது அண்ணி என்ன செய்திருந்தாலும் கொடுக்க வேண்டியதுதான், அதற்கும் அந்தப் பைக்கும் சம்பந்தமே இல்லை.

வக்கீல் கடைசியாகக் கேட்டது சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும். 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரஜ்னேஷ் - நேஹா தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும். அண்ணன் பையைத் துழாவிப் பார்த்தார். அது ஒன்றும் கொண்டுவரவில்லை.