மாஸ்க்கும் பருவும்: வடசென்னையில் ஒரு கத்திரிக்கால நாட்குறிப்பு

மே 4, 2021, செவ்வாய்

இன்று கத்திரி ஆரம்பம். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கடற்காற்று வரும்வரை புழுக்கம். வந்த பிறகும் காற்றிலேயே ஈரம் இருப்பதால் வேர்வை லேசில் காயாது. இதில் கொரோனாவுக்காக மாஸ்க் போட்டு மூக்கையும் வாயையும் மூடினால் ஒவ்வொரு மூச்சும் உள்ளே சூடான ஆவியை விட்டுப் போகும். அந்த ஈரத்தில் தோலின் மேலடுக்கு ஊறி உப்பும், மயிர்க்கால் வாய் குறுகும், துணி உரச உரச அது அடைபடும். உள்ளே எண்ணெய் தேங்கினால் எப்போதும் அங்கேயே குடியிருக்கும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகி வீக்கத்தைக் கிளப்பும். உரசலாலும் அழுத்தத்தாலும் வரும் இந்த வகைப் பருவை மில்ஸ், கிளிக்மன் என்ற இரு தோல் மருத்துவர்கள் 1975-லேயே 'ஆக்னி மெக்கானிக்கா' என்று விவரித்துவிட்டார்கள்.

அதனால் க்ரீம் தேடுவதற்கு முன் ஈரத்தைக் கவனிக்க வேண்டும். உதட்டருகே மாஸ்க் நனைந்துவிட்டதா? மாற்றிவிட வேண்டும், மணி பார்க்க வேண்டாம். தள்ளுவண்டிக்காரர், தூய்மைப் பணியாளர், காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குபவர் போன்றோருக்கு இந்த வெயிலில் ஒரு வேலை நாளுக்கு மூன்று நான்கு துணி மாஸ்க் தேவைப்படும். காய்ந்ததற்கு ஒரு கவர், நனைந்ததற்கு வேறொரு கவர்.

டீ குடிக்கும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவதுதான் இங்கே பெரிய வில்லன். கழுத்து வேர்வையும் தூசியும் உள்பக்கத்தில் ஒட்டி, அப்படியே திரும்ப வாய்மேல் ஏறும். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் வண்டி ஓட்டுகிறவருக்கு என்ன ஒட்டும் என்று சொல்லத் தேவையில்லை. காதிலிருந்து முழுக்கக் கழற்றி, குடித்து முடித்து, முகத்தை ஒற்றித் துடைத்துவிட்டுப் போடவும்.

மே 7, வெள்ளி

துணி. முகத்தைத் தொடும் அடுக்கு பருத்தியாக, சாயம் போகாததாக, மெத்தென்று இருக்க வேண்டும். பலமுறை துவைத்த வெள்ளை வேட்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. பளபளக்கும் சாட்டின், ஜரிகை, எம்ப்ராய்டரி உள்பக்கம் வரக் கூடாது.

துவைப்பதில்தான் கோளாறு அதிகம். இந்தப் பக்கம் பல வீடுகளில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் உப்பு. கடினத் தண்ணீரில் சோப்புக் கட்டி போட்டால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காகத் துணியிலேயே தங்கும். அது வேர்வையில் ஊறித் தோலை அரிக்கும். சோப்புத்தூள் அல்லது லிக்விட் கொஞ்சமாகப் போட்டு, நுரை வருவது நிற்கும் வரைக்கும் அலசவும். கடைசி அலசல் மட்டுமாவது அடிபம்பில் வரும் மெட்ரோ (குடிநீர் வாரிய) தண்ணீரில். வாசனை தரும் ஃபேப்ரிக் கண்டிஷனர் மாஸ்க்குக்கு வேண்டாம். அது துணி இழையில் தங்குவதற்காகவே செய்யப்பட்டது. நல்ல வெயிலில் முழுக்கக் காயவேண்டும். அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் நாற்றம் வரும்.

மே 13, வியாழன்

ஊரடங்கு. இரட்டை மாஸ்க் போடுகிறவர்களுக்கு: உள்ளே சர்ஜிக்கல், மேலே துணி. இரண்டு சர்ஜிக்கல் வேண்டாம், என்95-க்கு மேலோ கீழோ எதுவும் வேண்டாம். தோலைத் தொடுவது உள்ளே இருப்பதுதான் என்பதால் நனைந்ததும் முதலில் மாற்ற வேண்டியதும் அதுதான்.

வீட்டுக்கு வீடு ஆவி பிடிக்கிறார்கள். மஞ்சள், வேப்பிலை, நொச்சி, தைலம் என்று நாளுக்கு மூன்று தடவை. வைரஸுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. முகமோ சிவந்து வறண்டு போகும், கொதிநீர் கவிழ்ந்தால் வெந்தும் போகும். 'ஆவி பிடித்தால் துவாரம் திறந்து அழுக்கு வெளியே வரும்' என்பதும் சரியில்லை. திறந்து மூட அங்கே தசை ஏதுமில்லை.

மே 21, வெள்ளி

எல்லாம் பரு இல்லை. தப்பான மருந்து போடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கரும்புள்ளி, வெண்புள்ளி, நடுநடுவே சீழ்க்கட்டி என்று கலந்து இருந்தால் பரு. தெளிந்த நீர்முத்துப் போலவோ, சிவந்து முள்ளாகக் குத்துவது போலவோ வந்து, விசிறிக்காற்றில் அடங்கினால் வேர்க்குரு. வேர்க்குருப் பவுடரை மாஸ்க்குக்குள் அப்பினால் வேர்வையில் பசையாகிவிடும். குளிர்ந்த தண்ணீரும் காற்றும் போதும். எல்லாம் ஒரே அளவில், பொடிப்பொடியாக, கடுமையாக அரித்தால் மலாசீசியா என்ற ஈஸ்ட் கிளப்பும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இது கூடத்தான் செய்யும். கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துக்குத்தான் அடங்கும்.

மாஸ்க்கின் விளிம்பு, மூக்குக் கம்பி, காது எலாஸ்டிக் இருக்கும் கோட்டிலேயே சிவந்து அரித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், மாஸ்க்கையே மாற்ற வேண்டும். உதட்டை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் சுத்தமாக இருந்து, சுற்றிலும் சிறு பொரிப்புகள் வந்தால் முகத்தில் ஸ்டீராய்டு க்ரீம் தடவினாரா என்று முதலில் கேட்க வேண்டும். ஆண்களுக்குத் தாடைக்குக் கீழே வருவது பெரும்பாலும் ஷேவிங் வேலை: முடி வளரும் திசையில் மழிக்கவும், தோலோடு ஒட்ட மழிக்க வேண்டாம்.

ஜூன் 2, புதன்

இனி மருந்து. முகம் கழுவுவது காலை, இரவு என இரண்டே வேளை. வேலை முடிந்து வந்ததும் வெறும் தண்ணீர் ஒருமுறை அள்ளி ஊற்றலாம். சாதாரணக் குளியல் சோப்பின் பிஎச் (அமில-கார அளவு) 9, 10 வரை போகும். தோலுக்கு உகந்தது 5.5 வாக்கில் இருக்கும் ஃபேஸ்வாஷ். எண்ணெய் வழியும் முகமானால் இரண்டில் ஒரு வேளை மட்டும் 1 முதல் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ளது. ஸ்க்ரப், எலுமிச்சை, பற்பசை, சமையல் சோடா: நான்கும் தோலைப் புண்ணாக்கும்.

மாஸ்க் போடுவதற்கு 20, 30 நிமிடம் முன்பு ஜெல் வகை மாய்ஸ்சரைசர். பிசுபிசுக்கிற சருமத்துக்கு எதற்கு என்று கேட்பார்கள். தோலின் தடுப்பு கெட்டால் உரசல் இன்னும் பாதிக்கும், மருந்தும் எரியும். மாஸ்க் மூடும் இடத்தில் மேக்கப் வேண்டாம்.

இரவில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல். 5, 10 சதவீதத்தால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை, எரிச்சல்தான் கூடும். முதலில் தடவி 5 அல்லது 10 நிமிடத்தில் கழுவிவிடவும், பழகிய பிறகு இரவு முழுக்க வைக்கலாம். தலையணை உறை, துண்டு, கலர் மாஸ்க் எல்லாவற்றையும் வெளுக்கும், வெள்ளையாகவே வைத்துக்கொள்ளவும். பகலில் இதைத் தடவி மேலே மாஸ்க் போட்டால் மூடிய இடத்தில் எரிந்து சிவக்கும்.

அடங்காவிட்டால் மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் அடாபலீன் 0.1 சதவீதம். முகம் நன்றாகக் காய்ந்ததும் ஒரு பட்டாணி அளவு, பருவின்மேல் மட்டும் வைக்காமல் பாதித்த பகுதி முழுக்க மெல்லிசாக. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆரம்ப வாரங்களில் பரு கூடியதுபோல் தெரியும். அங்கேதான் பாதிப்பேர் நிறுத்திவிடுகிறார்கள். கணக்குப் பார்க்க வேண்டியது 8 முதல் 12 வாரத்தில். கர்ப்பிணிகள் இதைத் தொடக் கூடாது. அவர்களுக்கு மருத்துவர் அசெலாயிக் அமிலம் தருவார். கிளிண்டாமைசின் ஜெல்லைத் தனியாக மாதக்கணக்கில் தடவினால் கிருமி எதிர்ப்பு பெற்றுவிடும், பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்தே போட வேண்டும்.

ஜூன் 10, வியாழன்

மெடிக்கலில் 'முகத்துக்கு ஒரு ட்யூப்' என்று கேட்டு வாங்குவது. அட்டையில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் ஸ்டீராய்டு. சில நாளில் சிவப்பு அடங்கி முகம் வெளுக்கும், அதனால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. பிறகு ஒரே மாதிரிப் பொரிப்பு, மெலிந்த தோல், நூல்நூலாய் ரத்தநாளம், பூனைமுடி. தடவுவதை விட்டால் எரிச்சலோடு திரும்பக் கிளம்பும். பல நாள் தடவியவர் தானாக ஒன்றும் செய்யாமல் தோல் மருத்துவரிடம் போகவும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாதவர்கள் இ-சஞ்சீவனி என்ற அரசின் இணைய மருத்துவ ஆலோசனைச் சேவையில் வீடியோவில் பேசலாம்.

ஜூன் 25, வெள்ளி

பரு போன இடத்தில் கருமை. நம் நிறத்துக்கு இது சகஜம், மறையப் பல மாதமாகும். கிள்ளினால் நிச்சயம் தங்கும். காலையில் எஸ்பிஎஃப் 30 ஜெல் சன்ஸ்கிரீன், மாஸ்க் மூடும் இடத்திலும். மெல்லிய துணி வெயிலை முழுக்கத் தடுக்காது. அடாபலீனும் அசெலாயிக் அமிலமும் கருமையையும் மெல்லக் குறைக்கும்.

கருமையா, குழியா என்று பார்க்க, இருட்டில் டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடிக்கவும். நிழல் விழுந்தால் குழி. அதற்கு எந்த க்ரீமும் போதாது. புதுப் பரு வருவது நின்ற பிறகு ஊசி உருளை (டெர்மா ரோலர்), லேசர் போன்ற சிகிச்சையைத் தோல் மருத்துவர்தான் செய்ய வேண்டும், பார்லரில் இல்லை.