சில்லு ஆபரேஷன் முடிஞ்சு 11 வருஷம்

நேத்து ஆபீஸ்ல ஒரு தம்பி எம்ஆர்ஐ ரிப்போர்ட்ட நீட்டி, "அண்ணே, எனக்கும் முட்டிச் சில்லு தேஞ்சிருக்காம், ஆபரேஷன் பண்ணிக்கவா"ன்னு கேட்டான். எனக்கு இடது முட்டில பண்ணி 11 வருஷம் ஆச்சு, அதான் எங்கிட்ட வந்து நிக்கிறான்.

நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எது போனாலும் ஜவ்வுதான், எலும்புகளக் கட்டிப் பிடிக்கிற லிகமென்ட் கிழிஞ்சாலும் ஜவ்வு, ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்குற மெனிஸ்கஸ் போனாலும் ஜவ்வு. எனக்குத் தேஞ்சது முட்டிச் சில்லோட உள்பக்கம் வழவழன்னு ஒட்டியிருக்குற குருத்தெலும்பு, அதுல ரத்தக்குழாயே கிடையாது, அதனால போனா தானா வளராது. எவ்ளோ தேஞ்சிருக்குன்னு 1961ல அவுட்டர்பிரிட்ஜ்னு ஒரு டாக்டர் போட்ட கிரேடு கணக்கத்தான் இன்னிக்கும் சொல்றாங்க, எனக்கு நாலுல 3.

ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, நார்நாரா தொங்கினத செதுக்கி விட்டாங்க, அவ்ளோதான். மொத வருஷம் சூப்பர், பழனி படி கூட ஏறிட்டு வந்தேன். ரெண்டாவது வருஷக் கடைசில படி இறங்குறப்போ கரக் கரக்னு மண்ணு அரைபடுற மாதிரி சத்தம் திரும்ப வந்துருச்சு. செதுக்குனாங்களே தவிர புதுசா ஒண்ணும் வைக்கலையேன்னு அப்பதான் உறைச்சுது.

புதுசா குருத்தெலும்பு செல் வளத்து வைக்கிறதும் இருக்கு, ஆனா 1994ல ஸ்வீடன்காரங்க போட்ட மொத ரிசல்ட்ல தொடை எலும்புல வச்ச 16 பேர்ல 14 பேர் நல்லா இருந்தாங்க, சில்லுல வச்ச 7 பேர்ல 2 பேர்தான். கால மடக்கி நீட்டுறப்போ சில்லு ஓடுற தடத்தையும் சேத்து சரி பண்ண ஆரம்பிச்சப்புறம் கொஞ்சம் தேறிச்சு, அது வேற கதை. ஃபின்லாந்துல முட்டி முன்பக்க வலிக்காரங்க 56 பேர்ல பாதிப் பேருக்கு எனக்குப் பண்ண மாதிரி சின்ன ஓட்டை போடுற கீஹோல் ஆபரேஷனும் எக்சர்சைஸும், மீதிப் பேருக்கு வெறும் எக்சர்சைஸ். அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா வித்தியாசமே இல்ல!

என் கதையும் அதேதான். மூணாவது வருஷம் பிசியோ அக்கா இன்ச் டேப்ப வச்சு அளந்தாங்க, இடது தொடை வலதுகால விட ரெண்டரை சென்டிமீட்டர் கம்மி. தையல் பிரிச்சு அனுப்புனவங்க யாரும் தொடையப் பத்தி ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு சப்பணம் போட்டா கால் மணி நேரம் தாங்கும், குத்த வச்சு உக்கார முடியாது, சத்தம் அப்படியேதான் இருக்கு, ஆனா தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணதுல வலி இல்ல.

தம்பிய ஒத்தக்கால்ல சேர்ல இருந்து எந்திரிக்கச் சொன்னேன். பாதிலயே தொடை வெடவெடன்னு ஆடி பொத்துன்னு உக்காந்துட்டான். மொதல்ல ஆறு மாசம் ஒழுங்கா பிசியோ போ, அப்புறம் கத்தியப் பத்திப் பேசுன்னேன்.

"அதுக்கு மெடிக்கல் லீவு தருவாங்களாண்ணே?"