இருபது விநாடி அலை

நெல்லைச் சீமையில் நிலநடுக்கக் கருவி வைப்பதென்றால் எல்லோரும் முதலில் கேட்பது காற்றாலையைப் பற்றித்தான். பணகுடி, ராதாபுரம் பக்கத்துச் சிற்றதிர்வுகளைப் பிடிக்க அது பெரிய இடைஞ்சல், உண்மை. ஆனால் தொலைதூர நிலநடுக்கத்தின் அளவை, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலையால் கணக்கிடும்போது அது பொருட்டே இல்லை. காற்றாலை விநாடிக்குச் சில முறை அதிரும். நமக்கு வேண்டிய ரேலீ அலை என்ற மேற்பரப்பு அலை ஒருமுறை ஏறி இறங்கவே 20 விநாடி. வடிகட்டினால் பிரிந்துவிடும். ஆடிக்காற்றில் கடல் எழுப்பும் அதிர்வும் பெரும்பாலும் 16 விநாடிக்குள் அடங்கும்.

கெடுப்பது வெயில். அறையின் சூடு ஏறி இறங்க, தளம் மயிரிழை சாய்ந்தாலும் கிடைமட்டப் பதிவு அலைபாயும். தேரிமணலில் கருவி வைக்கவே கூடாது. பாறை வரை தோண்டி அதன்மேல் தூண் எழுப்பி, சுவரோடு தொடாமல் இடைவெளி விட்டு, கருவியைத் தெர்மோகோல் பெட்டியால் மூடவேண்டும். அப்படியும் செங்குத்துப் பதிவையே நம்புவோம்.

நிலநடுக்க அளவைக் காணும் கணக்கு சின்னதுதான். நில அசைவை மைக்ரானில் எடுத்து அலைநேரத்தால் (ஒருமுறை ஏறி இறங்கும் விநாடியால்) வகுத்து, அதன் மடக்கையோடு, பாகையில் உள்ள தொலைவின் (ஒரு பாகை சுமார் 111 கிலோமீட்டர்) மடக்கையை 1.66ஆல் பெருக்கிக் கூட்டி, 3.3 சேர்க்கவேண்டும். 60 பாகைத் தொலைவில் 20 விநாடி அலை 40 மைக்ரான் என்றால் 6.6 வரும். அந்த அலை முதல் அதிர்வோடு வராது. அங்கே நிலநடுக்கம் நடந்து அரைமணி நேரம் கழித்தே வரும். பொறுமையின்றி முன்னாலேயே அளந்தால் வேறு அலையை அளந்ததாகிவிடும். முகட்டிலிருந்து பள்ளம்வரை அளந்து பாதியாக்க மறந்தால் 0.3 கூடும். கருவி தருவது வேகம். அதை இடப்பெயர்ச்சியாக்காமல் போட்டாலும் தப்பு.

ஆழமும் பார்க்கவேண்டும். 2015 அக்டோபரில் இந்துகுஷ் மலையடியில் 200 கிலோமீட்டருக்கும் கீழே நடந்தது போன்றவற்றில் மேற்பரப்பு அலை மெலிந்திருக்கும். எண் குறைவாகவே வரும்.

2004 சுமத்ரா நடுக்கம் நெல்லையிலிருந்து ஏறக்குறைய 19 பாகை. இந்த 20 விநாடி முறையோ 20 பாகைக்கு மேல்தான் செல்லும். தொலைவு ஒத்துவந்திருந்தாலும் எண் சரியாக வந்திருக்காது. 20 விநாடி அலையின் நீளம் சுமார் 70 கிலோமீட்டர். அன்று பிளந்ததோ 1,200 கிலோமீட்டருக்கும் மேல். அத்தனை நீளப் பிளவை அந்த அலை முழுதாகக் காட்டாது. 8க்கு மேல் எண் தேங்கத் தொடங்கும். அங்கே சில நூறு விநாடி அலைகளை எடுத்து, திருப்புத்திறனை (பிளவின் பரப்பு, நழுவிய தூரம், பாறையின் விறைப்பு மூன்றின் பெருக்கல்) கணக்கிட்டே 9.1 என்று சொல்ல முடிந்தது.