சிகாகோ தியேட்டரில் தேங்காயெண்ணெய் மணம்

மார்த்தாண்டத்தில் சினிமாவுக்குப் போனால், படம் தொடங்கும்போது எங்கள் கை காலியாகத்தான் இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் கூட்டம் வெளியே பாயும். முட்டை பப்ஸ், சாயா, காகிதத்தில் சுருட்டிய கப்பலண்டி. பிள்ளைகள் மூன்று பேருக்கும் ஒரே பொட்டலம். கூம்பின் அடியில் உப்போடு ஒட்டிக் கிடக்கும் கடைசிக் கடலை யாருக்கு என்பதில், இரண்டாம் பாதியின் முதல் சண்டைக்காட்சி எப்போதும் எங்கள் வரிசையில்தான்.

சிகாகோவை ஒட்டிய ஷாம்பர்குக்குக் குடிவந்த முதல் பனிக்காலத்தில், அலுவலகத் தோழி ஒருத்தி படத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளே நுழைந்ததும் நேரே கவுண்டருக்கு நடந்தாள். இடைவேளையில் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். அவளுக்கு இடைவேளை என்றால் என்னவென்றே விளங்கவில்லை. இங்கே படம் ஒரே மூச்சில் ஓடும், நடுவில் எழுந்து போனால் கதை போச்சு. அதனால் முதலிலேயே வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். வாளி மாதிரி ஒரு டப்பா பாப்கார்ன், 9 டாலர். டிரெய்லர் முடிவதற்குள் பாதி காலி.

சோளத்துக்கு இந்த விலையா என்று எரிச்சலாகத்தான் இருந்தது. காரணம் அப்புறம் தெரிந்தது. புதுப் படத்தின் டிக்கெட் பணத்தில் பெரும்பங்கு விநியோகம் செய்பவர்களுக்குப் போய்விடுமாம். தின்பண்டத்தில் வரும் லாபம் தியேட்டருக்கே. நம் நாட்டிலும் அதேதான். வெளிச் சாப்பாட்டைத் தியேட்டர்காரர் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. குடிநீர் மட்டும் இலவசமாகத் தர வேண்டும்.

இத்தனைக்கும் அமெரிக்காவின் பழைய பெரிய தியேட்டர்கள் பாப்கார்னை உள்ளேயே விடவில்லை. கம்பளம் பாழாகும், கொறிக்கும் சத்தம் இடைஞ்சல் என்று. 1930களின் பொருளாதார மந்தத்தில் வாசலில் 5 சென்ட், 10 சென்ட்டுக்கு விற்றவர்களிடம் ஜனம் மொய்த்ததைப் பார்த்துத்தான் முதலாளிகள் மனம் மாறினார்கள். இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன் வர, மிட்டாய் குறைந்து பாப்கார்ன் நிலைத்துவிட்டது. பொரிக்கும் இயந்திரத்தை 1893 உலகக் கண்காட்சியில் காட்டிய சார்லஸ் கிரேட்டர்ஸ் இந்தச் சிகாகோக்காரர்தான்.

போன வருஷம் அம்மா வந்தாள். தமிழ்ப் படம் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மக்களே, தேங்காயெண்ணெய்க்க மணம்லா வருது?"

நான் சிரித்தேன். இந்தக் குளிரில் தேங்காயெண்ணெய் எங்கே? அம்மா கேட்கவில்லை, மணத்தைப் பிடித்துக்கொண்டே கவுண்டர் வரை போனாள். விசாரித்தேன். சோளம் பொரிவது தேங்காயெண்ணெயில்தான்! இங்கே அது பழைய வழக்கம். 1994இல், அதில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று நுகர்வோர் அமைப்பு ஒன்று கிளப்பிய புயலில் பலர் எண்ணெயை மாற்றினார்கள், சிலர் மாற்றவில்லை. நான் மூன்று வருஷமாக முகர்ந்த அதே மணம், நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற கடையின் மணம். மேலே தூவும் மஞ்சள் உப்பும் பட்டர் வாசனையும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கின்றன. அம்மா ஏமாறவில்லை.

"இதுக்க வெலை என்ன?" என்று கேட்டாள். டாலரை ரூபாயாக்கிச் சொன்னேன். பதில் பேசாமல் கைப்பையைத் திறந்து காட்டினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த சிப்ஸ், நாலாக மடித்த கவரில். எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் டப்பாவும் வாங்கினேன்.

திரையில் 'இடைவேளை' என்று எழுத்து வந்தது. அம்மா எழுந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. ஒருவரும் அசையவில்லை. அவள் உட்கார்ந்து, இருட்டில் ஒரு சிப்ஸைக் கடித்தாள். கதாநாயகி மௌனமாக அழும் காட்சி. மூன்று வரிசைக்குக் கேட்டிருக்கும்.

பாப்கார்ன் மிஞ்சியது. 2011இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வாரம் பழசாகிப்போன பாப்கார்னைத் தியேட்டரில் கொடுத்தபோது, படம் பார்க்கையில் பாப்கார்ன் தின்னும் பழக்கமுள்ளவர்கள் புதிது அளவுக்கே அதையும் தின்றார்களாம். மறுநாள் வீட்டில் என்னால் ஒரு வாய்கூட முடியவில்லை, நமுத்துப்போயிருந்தது. அம்மா சட்டியை அடுப்பில் வைத்து, தேங்காயெண்ணெய் விட்டு, கறிவேப்பிலை, வற்றல் மிளகாய், காயம் போட்டுப் புரட்டினாள். செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி நீட்டினாள், ஆளுக்கொன்று.