கடல் இல்லாத தீவு: நாகசாகியில் ஒரு முற்பகல்

டிராமை விட்டு இறங்கியதும் முதலில் கடலைத்தான் தேடினேன். வெளிநாட்டு வணிகர்களைத் தங்கவைக்க ஜப்பானியர் கட்டிய தெஜிமா ஒரு தீவு என்று படித்துவிட்டு அல்லவா வந்திருந்தேன்! ஒரு பக்கம் சாலை, மறுபக்கம் அலுவலகக் கட்டடங்கள். "தீவுன்னு சொன்னீங்களே, எங்கே?" என்றாள் மனைவி. நின்றுகொண்டிருந்த இடமே அதுதான் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உள்ளே போனவுடன் திறந்தவெளியில் பதினைந்தில் ஒரு பங்கு அளவில் பழைய தெஜிமாவின் மாதிரி இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுங்கள், அப்புறம் எல்லாம் எளிது. விரித்த விசிறியின் வடிவம். அன்று ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) இயெமித்சுவிடம் தீவு எப்படி இருக்கவேண்டும் என்று கேட்டபோது அவர் பேசாமல் தன் விசிறியை விரித்துக் காட்டினார் என்றொரு கதை உண்டு. கதைதான், ஆனால் நன்றாக இருக்கிறது. கடல் பக்கம் சுமார் 233 மீட்டர், ஊர்ப் பக்கம் 190, குறுக்கே 70. மொத்தம் நாலு ஏக்கர்கூட வராது. ஊரோடு சேர்க்க ஒரே ஒரு பாலம்.

1634-ல் தொடங்கி 1636-ல் முடித்த இந்தத் தீவுக்குப் பணம் போட்டவர்கள் நாகசாகியின் 25 பெரிய வணிகர்கள். போர்ச்சுகீசியரை ஊருக்குள் விட்டால் கிறிஸ்தவம் பரவும் என்ற பயம் அரசுக்கு. வீடு கட்டி வாடகைக்கு விட்டால் லாபம் என்ற கணக்கு வணிகர்களுக்கு. வந்தவர்களுக்கு எது வசதி என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. 1639-ல் போர்ச்சுகீசியரை நாட்டைவிட்டே விரட்டிவிட, வீடுகள் காலியாகிவிட்டன. ஹிராடோ துறைமுகத்தில் கடை போட்டிருந்த டச்சுக்காரர்களை 1641-ல் இங்கே மாற்றினார்கள். ஹிராடோவில் அவர்கள் புதிதாகக் கட்டிய கிட்டங்கியின்மேல் கிறிஸ்து ஆண்டைப் பொறித்ததுதான் குற்றம்; கட்டடத்தை இடிக்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே வந்தும் அவர்கள் வாடகையைப் பேரம் பேசி 80 கம்மே (பழைய ஜப்பானிய எடை அளவு) வெள்ளியிலிருந்து 55-க்கு இறக்கினார்கள். வியாபாரி வியாபாரிதான்.

பாலத்தடியில் அறிவிப்புப் பலகை இருந்ததாம்: கணிகையர் தவிர வேறு பெண்கள் உள்ளே வரக்கூடாது, கோயா மலைத் துறவிகள் தவிர வேறு துறவிகள் கூடாது, பிச்சைக்காரர்கள் கூடாது. தென்மேற்குப் பருவக்காற்றோடு ஆடியில் கப்பல் வரும், இலையுதிர் காலத்தில் கிளம்பும். மீதி மாதங்கள் பத்துப் பதினைந்து டச்சுக்காரர்கள் இந்த விசிறிக்குள் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறார்கள். கப்பித்தான் எனப்பட்ட தலைவரின் வீட்டு மாடி எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் தத்தாமிப் பாய், அதன்மேல் நாற்காலி, சுவரிலும் கூரையிலும் பூப்போட்ட ஜப்பானியக் காகிதம். கிறிஸ்துமஸ் கொண்டாட முடியாதே! அதனால் 'டச்சுக்காரர்களின் குளிர்காலத் திருநாள்' என்று பெயர் வைத்து விருந்து போட்டுக்கொண்டார்களாம்.

கிட்டங்கிகளில்தான் அதிக நேரம் நின்றேன். இறக்குமதியில் சர்க்கரை, ஏற்றுமதியில் செம்பு. செம்பை விரல் தடிமனுக்குக் கோல்கோலாக வார்த்து மரப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார்கள். ஒரு பெட்டி 60 கிலோ. இப்படிப் போன செம்பில் ஒரு பங்கு நம் சோழமண்டலக் கரையில் விற்பனையாகியிருக்கிறது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் காசு அடித்த காலம் அது.

வழிகாட்டிப் பெரியவர் ஒருவர் துணிகளைப் பற்றிச் சொல்லும்போது தன் உள்ளங்கையில் விரலால் நெடுக்கே கோடு கோடாக இழுத்துக் காட்டி, "சாந்தோமே" என்றார். கோடு போட்ட பருத்தித் துணிக்கு ஜப்பானில் அந்தப் பெயர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாந்தோம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்! போர்ச்சுகீசியர் சொன்ன சான் தோமே துறைமுகத்தின் பெயர், துணியோடு சேர்ந்து இங்கே வந்து தங்கியிருக்கிறது. நான் சென்னை என்று சொன்னதும் அவர் எழுந்து நின்று தலைகுனிந்தார்.

தெஜிமா வளரவே இல்லை. 1689-ல் சீன வணிகர்களுக்கு இதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாக வேறொரு குடியிருப்பு கட்டினார்கள். 1859-ல் துறைமுகம் திறந்ததும் புதிய வெளிநாட்டார் ஓஉரா மேட்டுப்பக்கம் போனார்கள். அப்புறம் கடலைத் தூர்த்துத் தூர்த்து, 1904-க்குள் தீவு ஊருக்குள் போய்விட்டது. தென்பக்கம் தோண்டியெடுத்த கரைக்கல் சுவர் மட்டும், தண்ணீரில்லாமல், சாலையைப் பார்த்தபடி நிற்கிறது.

வெளியே வரும்போது புதுப் பாலம் வழியாக வந்தோம். பழைய கல்பாலம் சில மீட்டர்தான். ஊருக்கும் தீவுக்கும் நடுவே ஓடும் ஆற்றை அகலப்படுத்தத் தீவின் ஓரத்தையே செதுக்கிவிட்டதால், 2017-ல் கட்டிய பாலத்துக்கு 38.5 மீட்டர் வேண்டியிருந்தது. பழைய சுவருக்குப் பாரம் கூடாதென்று எடையை ஊர்க்கரையில் தாங்கவைத்திருக்கிறார்கள். நடுவில் நின்று எட்டிப் பார்த்தோம். கீழே கொஞ்சம் தண்ணீர் ஓடியது. "சரி, இந்தப் பக்கம் தீவுதான்," என்றாள் மனைவி.