நடு இருக்கைக்காரனின் வாக்குமூலம்

என் மாமனார் முப்பது வருடம் கோலாலம்பூருக்கு அருகே உள்ள கிள்ளானில் கார் பட்டறை நடத்தியவர். மனிதர்களைப் பெயரால் நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. ‘கேஸ்கெட் போன ஈஸ்வரா’ என்றால் எங்கள் பழைய தபால்காரர். (ஈஸ்வரா என்பது மலேசியாவின் புரோட்டோன் நிறுவனம் செய்த ஒரு காரின் பெயர். கடவுளைச் சொல்கிறார் என்று நினைத்து என் அம்மா ஒருமுறை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) பக்கத்து வீட்டுப் பாக்சிக்குக்கு (மலாயில் பெரியவர்களை அப்படித்தான் அழைப்போம்) அவர் வைத்த பெயர் ‘பொய் ஈவோ’.

காரணம் இருக்கிறது. பாக்சிக்கிடம் ஒரு பழைய புரோட்டோன் வீரா உண்டு. மிட்சுபிஷி லான்சரின் உடலை வாங்கிச் செய்த கார் அது. அதனால் லான்சரின் வேகப் பந்தய வகையான ஈவோ மூன்றின் முன் பம்பரை மாட்டினால் அச்சாகப் பொருந்திவிடும். 90களில் மலேசியாவில் பாதி இளைஞர்கள் இதைத்தான் செய்தார்கள். பாக்சிக் இளைஞராக இல்லாவிட்டாலும் செய்தார். பம்பருக்குப் பின்னால் பளபளவென்று ஒரு இன்டர்கூலரையும் (டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் கருவி) வைத்துக்கொண்டார். டர்போ இல்லாத காருக்கு இன்டர்கூலர் எதற்கு என்று மாமா கேட்டதில் தொடங்கிய பகை, பாக்சிக்கின் ரம்புத்தான் மர இலைகள் எங்கள் வாசலில் விழுந்ததில் முற்றி, மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த நிலையில்தான் 2015 செப்டம்பரில் ‘போலிஸ் ஈவோ’ என்ற மலாய்ப் படம் வந்தது. பாக்சிக்கின் மகன் என் நண்பன். அப்பாவை அழைத்துப் போவதற்காக டிக்கெட் எடுத்திருந்தான். கடைசி நேரத்தில் அவனுக்கு இரவு வேலை போட்டுவிட்டார்கள். “நீ கூட்டிக்கொண்டு போ” என்றான். என் மனைவியோ, “அப்பா வீட்டில் சும்மா இருந்தால் இன்னொரு காரைப் பிரித்துவிடுவார், அவரையும் அழைத்துப் போங்கள்” என்றாள். இன்னொரு கார் என்று அவள் சொன்னது என் மைவி காரை மனதில் வைத்து. அது ஏற்கெனவே நான்கு கட்டைகள் மேல் நின்றுகொண்டிருந்தது. ஆகவே மூவரும் பொய் ஈவோவிலேயே பெட்டாலிங் ஜெயாவுக்குப் புறப்பட்டோம். வழியில் யாரும் பேசவில்லை. மாமா மட்டும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கும் முகத்தோடு வந்தார்.

அரங்கில் என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் இன்ஸ்பெக்டர் காய், போதைப்பொருள் கும்பலைத் துரத்திக்கொண்டு கிழக்குக் கரை மாநிலமான திரங்கானு வருகிறார். விறைப்பான மனிதர். அங்கே அவரோடு ஜோடி சேர்வது உள்ளூர் இன்ஸ்பெக்டர் சானி. சொந்த ஊரில் நிம்மதியாக இருப்பவர், வாய் ஓயாதவர். முதலில் முட்டிக்கொள்வார்கள், பிறகு ஒருவருக்காக ஒருவர் துப்பாக்கி நீட்டுவார்கள். இதை யூகிக்க இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டியதில்லை. காய் ஆக ஷாஹெய்ஸி சாம், சானியாக ஸிஸான் ரசாக், இயக்கம் காஸ் அபு பக்கார்.

ஸிஸான் ரசாக் நிஜ வாழ்க்கையிலும் திரங்கானுவின் டுங்குன் ஊர்க்காரர். பாக்சிக்கும் டுங்குன்காரர். இந்த ஒற்றுமை எனக்கு எவ்வளவு பெரிய வினையாகும் என்று டிக்கெட்டை வாங்கும்போது தெரியவில்லை.

திரங்கானு மலாய் என்பது பள்ளிக்கூடத்தில் நாங்கள் படித்த மலாய் அல்ல. சொல்லின் கடைசியில் ‘ன்’ வந்தாலும் ‘ம்’ வந்தாலும் அவர்கள் வாயில் ‘ங்’ ஆகிவிடும். ‘மாக்கான்’ என்றால் சாப்பிடு. அங்கே அது ‘மாக்காங்’. மீன் ‘இக்காங்’. தாலத்தில் மீன் சாப்பிடுவதைச் சொல்லச் சொன்னால் ‘மாக்காங் இக்காங் டாலாங் தாலாங்’ என்று கோயில் மணி அடிப்பார்கள். “தாலம் நம்முடைய சொல், அதையும் கெடுத்துவிட்டார்கள்” என்றார் மாமா. ஸிஸான் இந்த மொழியில் ஒன்று சொல்வார். பாக்சிக் வெடித்துச் சிரிப்பார். நான் பாக்சிக்கைப் பார்ப்பேன். அவர் எனக்குப் பொது மலாயில் விளக்குவார். நான் சிரித்துவிட்டு அதை மாமாவுக்குத் தமிழில் சொல்வேன். மாமா சிரிக்கும்போது திரையில் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசைப் பெண்மணி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவர் எங்களைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார் என்பது இன்றுவரை என் கவலை.

ஆனால் படத்தின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. நகரத்துப் போலீஸ்காரருக்கு அந்த ஊர் மொழி புரியாமல் விழிப்பதும், சானி வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் அழுத்திப் பேசுவதும் எந்தக் குண்டுவெடிப்பையும் விட நன்றாக வேலை செய்தன. கோலாலம்பூர் கோபுரங்களையே காட்டிக் காட்டி அலுத்த கண்ணுக்குக் கிழக்குக் கரையின் கடலும் சாலையும் பெரிய ஆறுதல். அடிதடியிலும் கஞ்சத்தனம் தெரியவில்லை. உள்ளூர்ப் படம் என்று யாரும் சலுகை கொடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் செய்திருந்தார்கள்.

குறை இல்லாமலா? வில்லன் கெட்டவன் என்பதை அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் கெட்டவன் என்று கேட்க நேரம் கொடுக்கவில்லை. காய்க்கும் சானியின் தங்கைக்கும் இடையே வரும் காதல், ஊறுகாய் அளவுக்குக்கூட இலையில் ஒட்டவில்லை. சிரிக்க வைத்துக்கொண்டே வந்த படம் திடீரென்று ரத்தத்துக்குத் தாவும்போது நம் முகத்தில் இருக்கும் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகிறது. எனக்குத்தான் அது இரட்டிப்புத் தொல்லை. ஒரு பக்கம் பழைய நகைச்சுவைக்கு மாமா அப்போதுதான் சிரிக்கத் தொடங்கியிருப்பார்.

மாமாவின் குறை வேறு. கார் பெயரை வைத்துவிட்டு ஆட்களைக் காட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். நம் போலீஸிடம் அப்போது நெடுஞ்சாலை ரோந்துக்கு ஈவோ பத்து இருந்தது அவருக்குத் தெரியும். முதல் ஒன்பது ஈவோக்களிலும் 4ஜி63 இன்ஜின், பத்தில் மட்டும் 4பி11 என்பதும் தெரியும். மாற்றியது சரியா தப்பா என்று படத்தில் விவாதிப்பார்கள் என எதிர்பார்த்து வந்திருக்கிறார் மனிதர். “பானெட்டைக்கூடத் திறந்து காட்டவில்லை, மாப்பிள்ளை” என்றார், ஏமாற்றப்பட்ட குரலில்.

பானெட்டைத் திறக்கும் வாய்ப்பு அரை மணி நேரத்தில் வந்தது.

வீடு திரும்பும் வழியில், கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா டோல் சாவடியை நெருங்கும்போது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. (2018 ஜனவரியில் அங்கே டோல் வசூலை நிறுத்திவிட்டார்கள். அன்று இருந்தது.) பாக்சிக் ஓரம் கட்டினார். பானெட்டிலிருந்து ஆவி. மூன்று மாத மௌனத்தை மாமா ஒரே வரியில் உடைத்தார்: “ஹாஜி, உங்கள் இன்டர்கூலர் ரேடியேட்டருக்குக் காற்றே விடவில்லை.”

“அண்ணே, அது பத்து வருடமாக அங்கேதான் இருக்கிறது.”

“பத்து வருடமாகவே மூச்சுத் திணறுகிறது என்று சொல்லுங்கள்.”

பாக்சிக் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். மாமா அவர் கையைத் தட்டிவிட்டார். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பது பாக்சிக்குக்குத் தெரியாததல்ல. மாமா முன்னால் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்க வேண்டும் என்ற அவசரம். இருவரும் மலாயில் சண்டை போட, சண்டை சூடேற ஒருவர் தமிழுக்கும் மற்றவர் திரங்கானுவுக்கும் போய்விட்டார்கள். மொழிபெயர்க்கச் சொல்லி இருவருமே என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பேசிய சில சொற்களுக்கு எனக்கு எந்த மொழியிலும் இணை தெரியவில்லை.

அப்போது பின்னால் நீல விளக்கு.

ரோந்துக் கார்தான். ஈவோ அல்ல, புரோட்டோன் இன்ஸ்பிரா. இறங்கிய இரண்டு போலீஸ்காரர்களையும் பார்க்காமல் மாமா காரைப் பார்த்தார். “லான்சருக்குப் புரோட்டோன் முத்திரை குத்தினால் இதுதான். ஈவோ பத்துக்கு ஏழைத் தம்பி” என்றார் மகிழ்ச்சியோடு. நல்லவேளை, தமிழில்.

இளைய போலீஸ்காரர் வாயைத் திறந்ததும் ஒரு ‘ங்’ விழுந்தது. பாக்சிக்கின் முகம் மலர்ந்தது. இருவரும் எந்த ஊர், யார் மகன், எந்தக் கடையில் கெரோப்போக் லெக்கோர் என்ற மீன் பலகாரம் நன்றாக இருக்கும் என்று போய்விட்டார்கள். மூத்தவர் மாமாவுக்கு டார்ச் பிடித்தார். இன்ஜின் ஆறியதும் மாமா ஸ்பேனர் கேட்டார். போலீஸ் காரிலிருந்தே வந்தது. பத்து நிமிடத்தில் இன்டர்கூலர் கழற்றப்பட்டு என் மடியில் வைக்கப்பட்டது. உள்ளே ஒரு குழாய்கூட இணைக்கப்படவில்லை. வெறும் அலங்காரம்.

எந்தப் படம் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொன்னேன். மூத்தவர் சிரித்தார். “சுடுகிற ஒவ்வொரு குண்டுக்கும் நாங்கள் அறிக்கை எழுத வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் எப்போது எழுதி முடிப்பார்கள் என்றுதான் நான் படம் முழுக்க யோசித்தேன்.”

அந்தப் படம் 17 மில்லியன் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் வசூலித்து அதுவரையிலான உள்ளூர்ப் பட வசூல்களையெல்லாம் தாண்டியது. இரண்டாம் பாகம் 2018இல்தான் வந்தது. அறிக்கை எழுத மூன்று வருடம் ஆகியிருக்கிறது போலும்.

இன்டர்கூலரைப் பாக்சிக் திரும்பக் கேட்கவில்லை. மாமா அதை எங்கள் வாசலில் தொங்கவிட்டு, ரம்புத்தான் இலைகள் அதில் விழுகின்றனவா என்று தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தன. சண்டையும் தொடர்ந்தது, ஆனால் இப்போது தேநீரோடு.

இரண்டாம் பாகத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்து வந்தவர் பாக்சிக். எனக்கு நடு இருக்கைதானே என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாதான் சொன்னார்: “நீங்கள் ஓரத்தில் உட்காருங்கள், மாப்பிள்ளை. நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் படம் முடிந்துவிடுகிறது.”